பெர்லினில் காலூன்றுவது: முதல் ஓராண்டுக்கான முழுமையான வழிகாட்டி

பெர்லினுக்கு வருகிற தமிழர்கள் பெரும்பாலும் வேலையில் தடுமாறுவதில்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தெரியாமல்தான் தவிக்கிறார்கள். இந்த நகரத்தில் ஒவ்வொரு காரியமும் இன்னொன்றின் தோளில் நிற்கிறது. முகவரியைப் பதியாவிட்டால் வரி எண் வராது. வரி எண் இல்லாவிட்டால் முதல் சம்பளத்திலேயே உச்ச விகிதத்தில் வரி பிடிக்க நேரலாம். முகவரிப் பதிவுத்தாள் இல்லையென்றால் பல வங்கிகளும் நூலகமும்கூடக் கணக்குத் தொடங்கத் தயங்கும். வரிசையைப் பிடித்துக்கொண்டால் மூன்று மாதத்தில் மூச்சு சீராகிவிடும். வேலை விசாவில், குறிப்பாக நீல அட்டையில் (உயர்தகுதிப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத் தங்கும் அனுமதி), தனியாகவோ குடும்பத்துடனோ வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மாணவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. புறப்படுவதற்கு முன்: பெயரும் தாள்களும்

முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைப்பெழுத்தோ தந்தை பெயரோதான். ஜெர்மன் படிவங்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பாஸ்போர்ட்டில் அது காலியாக இருந்தால் அலுவலகம் ஒரு விதமாகவும், வங்கி ஒரு விதமாகவும், காப்பீட்டு நிறுவனம் இன்னொரு விதமாகவும் எழுதிவிடும். பிறகு ஒவ்வொன்றையும் திருத்த அலைய வேண்டியிருக்கும். திருமணப் பதிவு, பட்டச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கிறதா என்று ஊரிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

திருமண, பிறப்புச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் போன்ற அதிகாரபூர்வ ஒப்புதல் தேவையா என்று தூதரகத்தின் பட்டியலைப் பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழிபெயர்ப்பை, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் பெர்லினிலேயே செய்துகொள்ளலாம்.

பெட்டியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. பால், இறைச்சி சார்ந்த பொருள்களைப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. அம்மா கட்டித்தரும் நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். மசாலாப் பொடி, பருப்புப் பொடி, வடகம், அப்பளம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள். நெய்யைப் பற்றிக் கவலை வேண்டாம். உருக்கிய வெண்ணெய் 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்ற பெயரில் எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது.

2. முதல் இரண்டு வாரம்: முகவரிப் பதிவு

குடிபுகுந்த 14 நாள்களுக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பியூர்கராம்ட் எனப்படும் குடிமக்கள் அலுவலகத்தில் இதைச் செய்வார்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நகரின் எந்தக் கிளையிலும் நேரம் வாங்கலாம்.

நேரம் கிடைப்பதுதான் சிரமம். நகராட்சி இணையதளத்தில் காலை அலுவலகம் திறக்கும் வேளையில் பாருங்கள். மற்றவர்கள் ரத்துசெய்த இடங்கள் அப்போது வெளிவரும். 115 என்ற எண்ணில் கேட்டும் நேரம் வாங்கலாம். 14 நாளுக்குள் நேரம் கிடைக்காவிட்டால் பதற்றம் வேண்டாம். கெடுவுக்குள் முன்பதிவு செய்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, பூர்த்திசெய்த படிவம், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று. இந்தக் கடைசித் தாள்தான் பலரை மாட்டவைக்கிறது. தற்காலிக அறை தருபவர்கள் சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு, 'இங்கே பதிய முடியாது' என்பார்கள். ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, இந்த முகவரியில் பதிந்துகொள்ளலாமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். பதிய முடியாத அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் அறையாக எடுக்காதீர்கள்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால் உங்கள் வருமான வரியின் மீது பெர்லினில் 9 சதவீதம் தேவாலய வரி பிடிக்கப்படும். நம்மூர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்த வரி இல்லை.

பதிவு முடிந்ததும் தரும் தாளை ஒரு கோப்பில் வையுங்கள். அன்றே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுவது. பெர்லின் அடுக்ககங்களில் வீட்டுக்கு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண்ணும் வங்கி அட்டையும் அதனுடன் போய்விடும்.

3. தபால் பெட்டிக்குப் பயப்படாமல் இருப்பது

இந்த நாடு இன்னும் காகிதத்தில்தான் பேசுகிறது. பதிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வாழ்நாள் முழுவதும் மாறாத எண். அதற்குப் பின்னாலேயே வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லை என்று அதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. கட்டணம் டிவிக்கு அல்ல, வீட்டுக்கு. 2021 ஆகஸ்டிலிருந்து ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஒரே வீட்டில் மூவர் தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும். மற்றவர்கள் அவருடைய எண்ணைத் தெரிவித்துவிட வேண்டும்.

கடிதம் வந்த அன்றே பிரியுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் படம் பிடித்தால் சாரம் புரிந்துவிடும். முதலில் தேட வேண்டியது தேதி: எந்த நாளுக்குள் பதில், எந்த நாளுக்குள் பணம். அரசு முடிவை மறுத்து எழுதப் பெரும்பாலும் ஒரு மாதம்தான் அவகாசம். மஞ்சள் உறையில் வரும் கடிதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். அதன்மேல் தபால்காரர் தேதி எழுதியிருப்பார். நீங்கள் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அன்றிலிருந்து கெடு ஓடத் தொடங்கிவிடும். பிரிக்காமல் குவித்த கடிதங்கள் அபராதத்திலும் வசூல் நோட்டீஸிலும் போய் முடிகின்றன. வெளிநாட்டு வாழ்க்கையில் உறக்கத்தைக் கெடுப்பது வேலைச்சுமையைவிட இந்தக் குவியல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

செல்போன், இணையம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திடாதீர்கள். முதல் மாதங்களுக்கு முன்பணச் சிம் கார்டு போதும்.

4. காப்பீடும் மருத்துவரும்

வேலைக்குச் சேரும்போதே மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதுக் காப்பீட்டின் அடிப்படைப் பங்கு சம்பளத்தில் 14.6 சதவீதம், அதன்மேல் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு கூடுதல் விகிதம் வைக்கிறது. இரண்டிலும் பாதியை வேலை தருபவர் கட்டுகிறார். வருமானமில்லாத துணைவரும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றி அதிலேயே சேர்ந்துகொள்ளலாம். தனியார் காப்பீடு இளைஞர்களுக்கு மலிவாகத் தோன்றும். ஆனால் அங்கே ஒவ்வொரு தலைக்கும் தனிக் கட்டணம். பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் எளிதன்று. குடும்பத்தோடு தங்க நினைப்பவர் பொதுக் காப்பீட்டிலேயே இருக்கட்டும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே வீட்டருகில் ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்துவையுங்கள். புதிய நோயாளிகளை ஏற்காத இடங்கள் பல உண்டு, அதனால் காய்ச்சல் வந்தபின் தேடுவது கடினம். ஆன்டிபயாடிக் மருந்து கடையில் கேட்டால் கிடைக்காது. மருத்துவர் சீட்டு கட்டாயம். சளிக்கும் இருமலுக்கும் பல மருத்துவர்கள் ஓய்வும் தேநீரும்தான் சொல்வார்கள். நம்மவர்களுக்கு இது அலட்சியமாகப் படும். அவர்களுடைய மருத்துவ மரபு அது.

நோயுற்ற அன்றே அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்று தேவை. சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும். இரவிலோ ஞாயிறிலோ உயிருக்கு ஆபத்தில்லாத நோவு என்றால் 116117. ஆபத்தென்றால் 112. போலீசுக்கு 110. மூன்றையும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு காப்பீடு உண்டு. தவறுதலாக மற்றவருக்கு நீங்கள் விளைவிக்கும் சேதத்துக்கான 'ஹாஃப்ட்ஃப்ளிக்ட்'. சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் ஜெர்மன் குடும்பங்களில் பெரும்பாலானவை வைத்திருக்கின்றன. உங்கள் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையை நனைத்தால் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். மாதம் சில யூரோதான். வாடகைச் சாவி தொலைவதையும் சேர்த்துக்கொள்ளும் திட்டமாகப் பாருங்கள். ஒரே சாவி கட்டடக் கதவையும் திறப்பதால், அது தொலைந்தால் எல்லாப் பூட்டுகளையும் மாற்ற நேரிடலாம்.

5. நிலையான வீடு

பெர்லினில் வீடு தேடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒரே வீட்டைப் பார்க்கப் படிக்கட்டு நெடுக வரிசை நிற்பதைக் காண்பீர்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், ஷூஃபா எனப்படும் கடன் நம்பகத் தாள், பழைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற சான்று, பாஸ்போர்ட் நகல் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாக்கி, பார்த்த அன்றே அனுப்புங்கள். தனியார் தளங்களோடு நின்றுவிடாமல் டெகெவோ, கெவோபாக், ஹோவோகெ போன்ற நகர அரசின் ஆறு வீட்டு நிறுவனங்களின் பட்டியலையும் நாள்தோறும் பாருங்கள்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை இருக்கும். குளிர் வாடகை வீட்டுக்கு மட்டும். வெப்ப வாடகையில் வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை முதலியவற்றுக்கான முன்பணம் சேரும். அது முன்பணம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆண்டுக் கணக்கு பின்னால் வரும். குளிர்காலம் முழுவதும் ஜன்னலைச் சாய்த்துத் திறந்துவைத்து ஹீட்டரையும் ஓடவிட்டவர்களுக்கு அது கனமான தொகையாக இருக்கும். மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நீங்களே தனி ஒப்பந்தம் போட வேண்டும்.

வைப்புத்தொகை மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் போகக்கூடாது. அதை மூன்று தவணையாகக் கட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டைப் பார்க்காமல் பணம் கேட்பவர், 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்பவர் யாராயினும் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள்.

சமையலறை இல்லாத வீடுகளும் உண்டு. அடுப்பும் தொட்டியும் அலமாரியும் இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் வெறும் ஒயர் தொங்கும். முந்தைய குடியிருப்பாளரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்து, மீட்டர் எண்களையும் சேர்த்து, ஒப்படைப்புக் குறிப்பில் எழுதவையுங்கள். காலிசெய்யும்போது வைப்புத்தொகையைக் காப்பாற்றப்போவது அந்தத் தாள்தான்.

6. அந்த வீட்டில் நம் சமையல்

பெர்லினில் படுக்கையறையிலும் நடைவழியிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மிளகாய் தாளிக்கும் புகை நடைவழிக்குப் போனால் அது அலறும். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை விரியத் திறந்து, பிறகு தாளியுங்கள். சோறு வடிக்கும் ஆவியும் அறைக்குள் காயவைக்கும் துணியும் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடிக்கவைக்கும். எவ்வளவு குளிரானாலும் நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம், ஜன்னல்களை முழுவதும் திறந்து காற்றை மாற்ற வேண்டும். இது பல வாடகை ஒப்பந்தங்களிலேயே எழுதியிருக்கும். பூஞ்சை வந்தால் முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

காய்கறிக்குத் துருக்கியர் கடைதான் நமக்குத் துணை. வெண்டைக்காய், கத்தரிக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, புதினா, கொண்டைக்கடலை, வாளி வாளியாகத் தயிர் எல்லாம் அங்கே நல்ல விலையில் கிடைக்கும். நொய்கோல்னில் மைபாக்உஃபர் கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் துருக்கியச் சந்தை கூடுகிறது. மாலையில் கடை கட்டும் நேரம் விலை இறங்கும். இட்லி அரிசி, உளுந்து, புளி, நல்லெண்ணெய்க்கு இலங்கைத் தமிழர், இந்தியர் கடைகளுக்குப் போக வேண்டும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது என்று சோர்ந்துவிடாதீர்கள். மின் அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

குழாய்த் தண்ணீர் குடிக்கத் தரமானது, ஆனால் கடினநீர். கெட்டிலில் படியும் வெள்ளைப் படிவத்தை வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் போக்கலாம்.

7. அக்கம்பக்கத்து ஒழுங்கு

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி. ஞாயிறும் விடுமுறை நாளும் முழுநாள் அமைதி: சுவரில் துளை போடக் கூடாது, மிக்ஸியை நெடுநேரம் ஓட்டக் கூடாது, கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் எறியக் கூடாது. ஞாயிறு கடைகளும் கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுங்கள். மறந்துபோனால் தலைமை ரயில் நிலையம் போன்ற சில பெரிய நிலையங்களின் சூப்பர் மார்க்கெட்டும் தெருமுனைப் பெட்டிக்கடைகளும் கைகொடுக்கும்.

குப்பையில் நீலத் தொட்டி காகிதத்துக்கு, மஞ்சளோ ஆரஞ்சோ நிறத் தொட்டி பிளாஸ்டிக்குக்கும் உலோகத்துக்கும், பழுப்பு காய்கறிக் கழிவுக்கு, மிச்சம் கருப்பில். பானப் புட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். பிளாஸ்டிக் புட்டிக்கும் டப்பாவுக்கும் பெரும்பாலும் 25 செண்ட் வைப்புப் பணம் உண்டு. கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

குடிபுகுந்த முதல் வாரத்தில் பக்கத்து வீடுகளின் மணியை அழுத்தி, இன்னார் என்று சொல்லிவிடுங்கள். அறிமுகம் இல்லாமல் சத்தம் கேட்டால் அவர்கள் எழுத்தில் புகார் செய்வார்கள். அறிமுகம் இருந்தால் கதவைத் தட்டிச் சொல்வார்கள். உங்கள் பார்சலை வாங்கிவைப்பவர்களும் அவர்களே.

8. போக்குவரத்து

ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. காகித டிக்கெட்டை ஏறும் முன் முத்திரையிட வேண்டும். ஜெர்மனி முழுவதற்குமான மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது; 2026 ஜனவரி முதல் 63 யூரோ. அதிவேக ரயில்களில் அது செல்லாது. நிறுத்த விரும்பினால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்துசெய்ய வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறிய ஆறு மாதம் வரை மட்டும் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இங்கே எழுதியாக வேண்டும்.

9. உடன் வந்தவரின் வாழ்க்கை

வேலைக்கு வந்தவருக்கு அலுவலகம் இருக்கிறது, சக ஊழியர்கள் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் இருக்கிறது. அவரோடு வந்த மனைவிக்கோ கணவருக்கோ ஒரு ஜன்னலும் ஒரு செல்போனும்தான் இருக்கின்றன. ஊரில் ஆசிரியராகவோ வங்கி அதிகாரியாகவோ இருந்த பெண், இங்கே ரொட்டிக் கடையில் ஒரு சொல் பேச முடியாமல் நிற்கும்போது ஏற்படும் சுருக்கத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். குடும்பம் ஊன்றுவதும் திரும்பிப்போவதும் பெரும்பாலும் இவருடைய நிலையைப் பொறுத்தே முடிவாகிறது.

நீல அட்டை வைத்திருப்பவரின் துணைவர் விசாவுக்கு ஜெர்மன் தேர்வு எழுதத் தேவையில்லை. வந்த பிறகு எந்த வேலையும் செய்யலாம். தேர்வு கட்டாயமில்லை என்பதாலேயே மொழி தள்ளிப்போகிறது. அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். பெர்லினின் 12 மாவட்டங்களிலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பொதுக் கல்வி நிலையம் உண்டு. தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் குறைவு, பலநாட்டுப் பெண்களும் ஆண்களும் சேர்ந்து படிக்கும் இடம். முகவரி பதிந்த வாரமே தகுதித் தேர்வுக்கு நேரம் வாங்குங்கள். காலையில் எழுந்து வெளியே போக ஒரு காரணம் கிடைப்பதே பாதி மருந்து.

அவருக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனிப் பயணச் சீட்டு, நூலக அட்டை மூன்றையும் முதல் மாதத்திலேயே எடுத்துக்கொடுங்கள். பணத்துக்கும் பஸ்ஸுக்கும் கணவரைக் கேட்டு நிற்கும் நிலை வேண்டாம். பட்டப்படிப்புச் சான்றிதழை ஜெர்மன் முறைக்கு இணையாக்கும் விண்ணப்பத்தையும் உடனே தொடங்குங்கள். செவிலியர், மருத்துவர் போன்ற பணிகளுக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும்.

தமிழ் கேட்க வேண்டும் என்று ஏங்கும் நாளில் பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோயிலுக்குப் போங்கள். 1980களில் போரிலிருந்து தப்பிய ஈழத்தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு வரும் நம்மைப் போல அல்ல அவர்களுடைய வருகை. இந்த நகரத்தில் தமிழுக்கு ஓர் இடத்தை உண்டாக்கியவர்கள் அவர்கள். அந்த மரியாதையோடு 'அண்ணை', 'அக்கா' என்று அழைத்துப் பழகினால் வீடு தேடுவது முதல் மருத்துவர் வரை வழி சொல்வார்கள்.

10. குளிர்காலத்துக்கு முன்னேற்பாடு

டிசம்பரில் காலை 8 மணிக்கு மேல்தான் வெளிச்சம். மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். குளிரைக் கோட்டு தாங்கும், இருட்டுக்குத்தான் திட்டம் வேண்டும். அக்டோபரிலேயே வார நாளில் இரண்டு மாலைகளுக்கு எங்காவது போயாக வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள்: மொழி வகுப்பு, இறகுப்பந்துக் குழு, பாட்டுக் குழு எதுவாயினும் சரி. மதிய இடைவேளையில் கட்டாயம் வெளியே நடங்கள். வைட்டமின் டி பற்றிக் குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். உடைகளைச் சென்னையில் வாங்கிச் சுமக்க வேண்டாம். ஒரே தடித்த உடையைவிட மெல்லிய அடுக்குகள் நல்லவை. நீர் புகாத காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜூன் மாதத்தில் இரவு 9.30 வரை வெளிச்சம் இருக்கும். 2008இல் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓடுபாதையில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதை அப்போது போய்ப் பாருங்கள்.

11. தங்கும் அனுமதி

விசா முடியும் தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். குடியேற்ற அலுவலகத்துக்கான விண்ணப்பத்தைப் பல மாதம் முன்பே இணையத்தில் அனுப்பிவிடுங்கள். முடிவதற்கு முன் விண்ணப்பித்திருந்தால், பதில் வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகப் பொதுவாகக் கொள்ளப்படும். ஆனால் அதற்கான இடைக்காலச் சான்று கையில் இல்லாமல் ஊருக்கு விமானம் ஏறாதீர்கள்.

நீல அட்டையில் 27 மாதம் வேலைசெய்து ஓய்வூதியப் பங்கும் கட்டியவர் அடிப்படை ஜெர்மன், அதாவது ஏ1 தெரிந்தால் நிரந்தர அனுமதி கேட்கலாம். இடைநிலையான பி1 தேறியிருந்தால் 21 மாதமே போதும். அந்தத் தேர்வுச் சான்றிதழ் கைக்கு வரவும் சில வாரங்கள் ஆகும். ஆகவே 15ஆவது மாதத்திலேயே தேர்வுத் தேதியைப் பதிந்துவிடுங்கள்.